விதவை ஓடெட் டூசெட்டின் ஆட்சேபணை

லயனல் திபடோ மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, "என் பேரு..." என்று ஆரம்பித்தார். குரல் சளி பிடித்த ஆட்டுக்குட்டி மாதிரி வந்தது. சட்டென்று போனை அணைத்தார்.

ஆற்றங்கரையில் படகு இறக்கும் இடத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டு அரைமணி நேரமாக இதே கூத்துதான். பேசப்போவது ஒரு விதவை என்பது முடிவாகிவிட்டது. அந்த விதவையின் குரல்தான் வருவேனா என்கிறது.

வீட்டு வாடகை ஏன் இப்படி ஏறுகிறது, ஜனங்கள் ஏன் தெருவுக்கு வருகிறார்கள், அதற்கு அரசு என்ன செய்யலாம் என்று ஆராய்வதற்காக அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் ஒரு ஆய்வுக் குழு போட்டிருந்தார்கள். அதன் ஆராய்ச்சி அதிகாரி சாட்சாத் லயனல்தான். ஒன்றரை வருஷமாக ஊர் ஊராகப் போய் வரைபடங்களைக் காட்டி, "எல்லா ஊரும் கொஞ்சம் நகர்ந்து இடம் விடணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வாக்கியம் அவரே யோசித்தது. இடைக்கால அறிக்கையின் அட்டையில் போட்டார்கள். குழுத் தலைவி செனட்டர் ஹாஸ்கெல் அதைத் தன் சொந்தச் சரக்கு மாதிரி எல்லா மேடையிலும் எடுத்துவிடுவார்.

இப்போது சோதனைக்காக முதல் கட்டடம் கட்ட ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அது லயனலின் சொந்த ஊர், நார்த் பெல்டன். மூடிக் கிடக்கும் சர்ச் பள்ளிக்கூடத்தை மாற்றி, மேலே ஒரு மாடி எழுப்பி, பன்னிரண்டு குறைந்த வாடகை வீடுகள். பள்ளிக்கூடம் இருப்பது லயனலின் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே. மாடி எழும்பினால் ஜன்னலில் இப்போது தெரிகிற ஆறு தெரியாது. விஷயம் அவ்வளவுதான். அந்த ஆற்றைக் காட்டித்தான் ஓய்வு பெற்றதும் வீட்டை நல்ல விலைக்கு விற்கலாம் என்று அவர் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

சொந்தப் பெயரில் எதிர்க்க முடியுமா? எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு? அதனால்தான் விதவை.

பொதுமக்கள் போனில் கருத்துப் பதியலாம். யார் பேசுவது என்று சோதிக்கக் கூடாது, ஏழைகள் பயந்துவிடுவார்கள். பதிவான எதையும் வெட்டாமல் அந்தந்த ஊர்க் கூட்டத்தில் ஒலிபரப்ப வேண்டும். இந்த விதிகளையெல்லாம் சண்டை போட்டுக் கொண்டுவந்ததும் லயனல்தான்.

சரி, ஒரு ஏழை விதவை என்ன சொல்வாள்? ஒன்றரை வருஷம் ஆராய்ந்தவருக்கு அது தெரியவில்லை. சதவீதம் தெரியும், சராசரி தெரியும். ஒரு ஏழை சாயங்காலம் வீட்டுக்கு வந்து என்ன செய்வாள் என்று யாரும் வரைபடம் போட்டுக் கொடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் தன்னுடைய சாயங்காலத்தையே எடுத்துக் கொடுத்தார்.

"என் பேரு ஓடெட். ஓடெட் டூசெட்" என்றார் மூக்கால். அவசரத்தில் வாயில் வந்த பெயர். "நார்த் பெல்டன், பள்ளிக்கூடத்துக்குப் பின்தெரு. தனிக்கட்டை. எண்ணெய் விக்கிற விலைக்கு நான் ஹீட்டர் போடுறதே இல்லை. கோட்டைப் போட்டுக்கிட்டுத்தான் சாப்பிடுறேன், கோட்டோடதான் தூங்குறேன். ஒரு டின் சூப்பைத் திறந்தா ரெண்டு நாளைக்கு வச்சுக்குவேன். இந்தக் கட்டடம் வந்தா ஊர் வரி ஏறும். ஏறுனா என் வீடும் போயிடும். வயசான காலத்துல கார்லதான் படுக்கணும். தயவுபண்ணி இது வேண்டாம்."

போனை வைத்தபோது அவருக்கே அந்த விதவைமேல் பரிதாபம் வந்தது. இதில் பொய் என்று பார்த்தால் பெயரும், வரியும், காரும் மட்டும்தான். மற்றதெல்லாம் அசல் லயனல். மனுஷன் அப்படிக் கஞ்சன். கை நிறையச் சம்பளம், ஏரிக்கரையில் ஒரு மனை, வரப்போகிற பென்ஷன் எல்லாம் ஊருக்குத் தெரியாமல் உண்டு. ஆனால் ஹீட்டரைத் தொட மாட்டார். மனைவி டோரின் ஃப்ளோரிடாவுக்குப் போனது வேறு ஆளைப் பார்த்து இல்லை, வெயிலைப் பார்த்துத்தான்.

கூட்டம் சர்ச் ஹாலில் நடந்தது. பாதி ஊர் வந்திருந்தது. முதலில் நேரில் பேசியவள் ஜோலீன் என்ற இளம்பெண். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. குடியிருந்த வீட்டைச் சொந்தக்காரர் விற்றுவிட்டார், கொடுக்கிற வாடகைக்கு வேறு வீடு கிடைக்கவில்லை.

"கடை வாசல்ல காரை நிறுத்திட்டு அதுலதான் படுக்குறோம், நானும் ரெண்டு பிள்ளைங்களும்" என்றாள். "பொண்ணுகிட்ட, இது பிக்னிக்குன்னு சொல்லி வச்சிருக்கேன். பையனுக்கு விவரம் தெரியும், அவன் ஒண்ணும்..."

மேஜைமேல் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆளுக்கு இரண்டு நிமிஷம்தான்.

"மன்னிக்கணும்மா, நேரம் முடிஞ்சுது" என்றார் லயனல்.

"சரிங்க சார்" என்று அவள் உட்கார்ந்துவிட்டாள். லயனல் தன் குறிப்பில் 'ஆதரவு: ஒன்று' என்று எழுதிக்கொண்டார்.

அடுத்து பதிவு செய்த குரல். பொத்தானை அழுத்த வேண்டியவரும் அவரேதான். அழுத்தினார். 'என் பேரு ஓடெட்' என்று ஹால் முழுக்கக் கேட்டது. முன்வரிசையில் யாரோ தலையைத் தூக்கினார்கள். சூப் டின் வந்தபோது, சின்ன வயதில் லயனலுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த ஜெர்மேன் டீச்சர் கைக்குட்டையை எடுத்தார். பக்கத்து வீட்டு வாரன், குழாய் வேலை பார்க்கிற முரட்டு ஆள், தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் எல்லாரும் லயனலைப் பார்த்தார்கள். பொத்தான் பக்கத்தில் நிற்பதால் பார்க்கிறார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

செனட்டர் ஹாஸ்கெல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "லயனல், ஒன்றரை வருஷத்துல இப்பதான் ஒரு உண்மையான குரலைக் கேக்குறேன். இந்த அம்மா மாதிரி ஆளுங்களுக்காகத்தான் இந்தக் கட்டடமே."

"அவங்க வேண்டாம்னு சொல்றாங்களே மேடம்."

"அதைத்தான் நானும் சொல்றேன். குளிர்ல செத்தாலும் கை நீட்ட மாட்டாங்க. எவ்வளவு தன்மானம் பாருங்க. இவங்களைக் கண்டுபிடிங்க, அறிக்கையோட முதல் பக்கத்துல போட்டுருவோம்."

வெளியே வந்தபோது வாரன் குறுக்கே நின்றார்.

"ஏம்ப்பா லயனல், நல்லா இருக்கியா?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்."

"இல்ல, சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, வாரன் அவருடைய பழைய கோட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார்.

சரி, அந்த அம்மா இன்னும் கொஞ்சம் கறாராகப் பேசியிருக்க வேண்டும் என்று லயனலுக்குத் தோன்றியது. மறுநாள் மறுபடி ஆற்றங்கரை, மறுபடி மூக்கு. "ஓடெட் பேசுறேன். என்னை யாரும் தேட வேண்டாம். எனக்கு யார் தயவும் வேண்டாம். நீங்க வீடே குடுத்தாலும் வர மாட்டேன். என் வழியில விடுங்க."

அடுத்த கூட்டத்தில் அதுவும் ஒலித்தது. உள்ளூர் ரேடியோக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டு காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் போட்டார்கள்.

சனிக்கிழமை கதவு தட்டப்பட்டது. ஜெர்மேன் டீச்சர். கையில் துணி சுற்றிய பாத்திரம்.

"சுட்ட பீன்ஸ், பிரவுன் ரொட்டி. அந்த ஓடெட்டுக்கு."

"டீச்சர், இந்தத் தெருவுல அப்படி யாரும் இல்லையே."

"இல்லைன்னா இல்லை. நான் கேட்டேனா? நீ இந்தத் தெருக்காரன். யாருக்குப் போய்ச் சேரணுமோ நீயே பார்த்துச் சேர்த்துடு." உள்ளே எட்டிப் பார்த்தார். லயனல் வழக்கம்போலக் கோட்டும் குல்லாயுமாக நின்றிருந்தார். டீச்சரின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "சூடு ஆறுறதுக்குள்ள சேர்த்துடுடா" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று படியிறங்கிவிட்டார்.

லயனல் பாத்திரத்தை மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பன்றிக்கொழுப்பும் வெல்லப்பாகும் சேர்ந்த வாசனை. இல்லாத ஒருத்திக்கு எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது? குப்பையில் கொட்டினால் பாவம். கொஞ்சம் ருசி பார்த்தார். அப்புறம் அடியைச் சுரண்டினார். ஏழை விதவையின் சோற்றைத் தின்றுவிட்டோமே என்று கூசியது. அந்த விதவையும் நாம்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். அந்தச் சமாதானம் பீன்ஸை விடச் சீக்கிரம் செரித்துவிட்டது.

அதற்கப்புறம் நிற்கவே இல்லை. ஒருநாள் மாவுக்குள் கோழிக்கறி வைத்துச் சுட்ட சிக்கன் பை. ஒருநாள் யாரோ பின்னிய கம்பளிக் காலுறை, பெண்களுக்கான பூப்போட்டது இல்லை, சரியாக லயனலின் அளவு. ஒருநாள் அலுவலகத்திலிருந்து வந்தபோது கொல்லையில் ஒரு வண்டி விறகு பிளந்து அடுக்கியிருந்தது. வாரன் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாரன், இது யார் போட்டது?"

"எது?"

"இந்த விறகு."

"எனக்குத் தெரியாதே" என்றார் வாரன். தலைமுடியெல்லாம் மரத்தூள்.

அந்த வாரமே எண்ணெய் வண்டிக்காரன் வந்து தொட்டியை ரொப்பிவிட்டு, "காசு வந்துருச்சு சார்" என்று போய்விட்டான். ஓசியில் வந்த எண்ணெய் என்பதால் லயனல் அன்றைக்கு முதல்முறையாக ஹீட்டரைப் போட்டார். வீடு கதகதப்பாயிற்று. அவருக்கு உள்ளுக்குள் வேர்த்தது. ஊரே ஏமாந்து, ஓடெட்டுக்கென்று கொட்டிக் கொடுப்பதை நடுவில் உட்கார்ந்து முழுங்குகிறோமே என்று நெஞ்சு அறுத்தது. கண்ணாடியில் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் சவரம் செய்யாமலே வேலைக்குப் போனார். அதைப் பார்த்து மறுநாள் வாசலில் இன்னொரு சிக்கன் பை வந்தது.

இதற்கு ஒரே வழிதான் இருந்தது. ஓடெட் போய்ச் சேர வேண்டும்.

இந்தத் தடவை மூக்கை விட்டுவிட்டு, கழுத்துத்துணியை வாயில் வைத்து அடித்தொண்டையில் பேசினார். "நான் ஓடெட்டோட அண்ணன் பையன். பேங்கர் டவுன்ல இருந்து பேசுறேன். அத்தை இனிமே இல்லை. அவங்க கஷ்டம் எல்லாம் முடிஞ்சுது. இனிமே யாருக்கும் பாரமா இருக்க மாட்டாங்க."

ரேடியோவில் அது வந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் லயனலின் வாசலில் நாலு வண்டிகள் வந்து நின்றன. வாரன் முதலில் ஓடி வந்தார். பின்னாலேயே ஜெர்மேன் டீச்சர், ஃபாதர் ஒமேர். லயனல் கதவைத் திறந்ததும் டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் டீச்சர். என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. கொஞ்ச நேரம் உக்காரலாம்னு வந்தோம்."

உட்கார்ந்தார்கள். ஓடெட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்திருக்கிறார்கள், தெருக்காரன் என்று தன்னிடம் வந்துவிட்டார்கள் என்று லயனல் புரிந்துகொண்டார். முகத்தை முடிந்த அளவுக்குச் சோகமாக வைத்துக்கொண்டார். அது அவர்களை இன்னும் கலங்க வைத்தது.

"லயனல்" என்றார் ஃபாதர் மெதுவாக, "எவ்வளவு கஷ்டத்துலயும் உயிர் பெரிசு. அது நம்ம இஷ்டத்துக்கு முடிச்சுக்கிற விஷயம் இல்லை."

"ஆமா ஃபாதர். பாவம் அந்த அம்மா."

"அந்த அம்மா திரும்பி வந்தாலும் நாங்க சந்தோஷப்படுவோம். ஒண்ணும் கேக்க மாட்டோம்."

செத்தவள் எப்படித் திரும்பி வருவாள்? சர்ச்சில் இப்படித்தான் பேசுவார்கள் என்று லயனல் தலையாட்டி வைத்தார்.

வாரன் எழுந்துபோய்ச் சுவரில் மாட்டியிருந்த வேட்டைத் துப்பாக்கியை எடுத்தார். "இதை நான் கொஞ்ச நாளைக்கு எடுத்துட்டுப் போறேம்ப்பா. மான் சீசனுக்கு."

"மான் சீசன்தான் முடிஞ்சுபோச்சே."

"அடுத்த வருஷ சீசனுக்கு" என்று வாரன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

மார்ச்சில் வருஷாந்தர ஊர்க்கூட்டம் வந்தது. பள்ளிக்கூடத்தைக் கட்டடத்துக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று ஊரே கூடிக் கைதூக்கித் தீர்மானிக்க வேண்டும். லயனல் பின்பெஞ்சில் போய் ஒளிந்துகொண்டார். இந்த ஊர் ஒரு தெருவிளக்கு வாங்கக்கூடச் சாயங்காலம் வரை சண்டை போடும். அது ஒன்றுதான் அவருடைய கடைசி நம்பிக்கை.

"ஆதரிக்கிறவங்க கையைத் தூக்குங்க" என்றார் கூட்டத்தை நடத்துபவர்.

ஹால் முழுக்கக் கைகள் எழுந்தன. எதற்கெடுத்தாலும் எதிர்க்கிற கிழவர்கள்கூட இரண்டு கையையும் தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஊரே திரும்பிப் பின்பெஞ்சைப் பார்த்தது. லயனலும் தூக்கினார். அந்தக் கை பாறாங்கல்லாகக் கனத்தது. ஆறு போயிற்று.

கட்டடம் அடுத்த இலையுதிர்காலத்தில் எழும்பி நின்றது. செனட்டர் ஹாஸ்கெல் அதற்கு 'ஓடெட் டூசெட் இல்லம்' என்று பெயர் வைத்தார். பித்தளைப் பலகையில் பொறித்து வாசலில் பதித்தார்கள். லயனலின் சமையலறை ஜன்னலில் இப்போது தினமும் தெரிவது அந்தப் பெயர்தான். காபி குடிக்கும்போது எதிரே அவருடைய பொய் வெயில் பட்டு மின்னிக்கொண்டிருக்கும். ஜன்னலுக்குத் திரை வாங்கிப் போட்டார். காசு கொடுத்து வாங்கினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு ஆறுதல்தான் அவருக்கு இருந்தது. வீடுகளுக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுத்தபோது முதல் பெயர் ஜோலீனுடையது. ஹீட்டர் செலவும் வாடகையிலேயே அடக்கமான கீழ்வீடு அவளுக்கு விழுந்தது. அன்றைக்கு நேரம் முடிந்தது என்று வாயை மூட வைத்தோமே, அந்தப் பெண்ணுக்காவது நல்லது நடந்ததே என்று நினைத்தபோது மட்டும் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

திறப்பு விழாவில் ஊரே கூடியிருந்தது. செனட்டர் பேசி முடித்து, "இந்தக் குரலை முதல்ல நமக்குக் கேக்க வச்சவர் லயனல்தான், ரெண்டு வார்த்தை பேசுவார்" என்று மைக்கை நீட்டினார்.

லயனல் மேடையேறினார். எதிரே டீச்சர், வாரன், ஃபாதர், விறகு அடுக்கியவர்கள், காலுறை பின்னியவர்கள். தொண்டையில் ஒரு வருஷத்துப் பீன்ஸும் வந்து அடைத்துக்கொண்டது. வேலை போனாலும் போகட்டும், இனிமேல் சுமக்க முடியாது என்று தோன்றியது.

"நான் ஒரு உண்மையைச் சொல்லணும்" என்றார். "அந்த ஓடெட் டூசெட்டுன்னு..."

"லயனல்" என்று எழுந்து நின்றார் ஜெர்மேன் டீச்சர். "போதும். கீழ இறங்கு."

"இல்ல டீச்சர், நான் சொல்லியே ஆகணும். அந்த ஓடெட்..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்டா. இறங்கி வா."

வாரன் மேடையேறி, தோளில் கை போட்டு அவரை இறக்கிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஜனங்கள் கை தட்டினார்கள். லயனலுக்கு ஒன்றும் புரியவில்லை. கட்டடத்தின் பக்கவாட்டில் போய்ச் சுவரோடு ஒட்டி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ பக்கத்தில் வந்து நின்றது தெரிந்தது. ஜோலீன். கொஞ்சம் தள்ளி நின்ற பழைய காருக்குள்ளிருந்து இரண்டு பிள்ளைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்சீட்டில் தலையணைகள்.

"ஏம்மா, இன்னும் சாமானை இறக்கலையா? வேணும்னா நான் ஒரு கை பிடிக்கிறேன்" என்றார் லயனல்.

அவள் அவர் கையை எடுத்து, உள்ளங்கையில் ஒரு சாவியை வைத்து மூடினாள்.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நீங்க சர்ச்ல பைபிள் வாசிக்கிற குரல் எங்களுக்குத் தெரியாதா சார்? உங்க பேருல கேக்கக் கூச்சப்பட்டுத்தான் அப்படிப் பேசுனீங்கன்னு ஊருக்கே அன்னைக்கே தெரியும், அதுக்குத்தான் எல்லாரும் கை தூக்குனோம். கீழ்வீட்டை உங்க பேருக்கு மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்துட்டேன், போய் இருங்க. எங்களுக்காவது கார்ல ஹீட்டர் ஓடுது."